புஷ்பா அக்காவின் விரத நாட்கள்

எங்கள் தொடர்மாடியின் படிகளைக் கூட்டிக் கழுவ வருகிற பெண்ணுக்கு இன்று காலை தேத்தண்ணீரும் இரண்டு துண்டு பாணும் கொடுக்கப் போனேன். வேலைக்கு வந்து சில நாட்கள்தான் ஆகின்றன. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். நல்ல கனத்த உடம்பு, ஒவ்வொரு படிக்கும் கைபிடியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார். என் கையிலிருந்த தட்டைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தார்.

"வேணாம் மிஸ், இன்னைக்கு விரதம்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். "ஓ, சரி சரி" என்று தட்டைத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். விரதக்காரரிடம் சாப்பாட்டை நீட்டிவிட்டோமே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. கதவைச் சாத்திய பிறகுதான் சுவரிலிருந்த நாள்காட்டி கண்ணில் பட்டது. புதன்கிழமை.

புதன்கிழமையில் விரதம் இருக்கக்கூடாதென்று சட்டம் ஒன்றுமில்லை. இருந்தாலும் கையில் தட்டோடு குசினி வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். மேசையில் மகள் சாப்பிட்டு வைத்த மிச்சம் கிடந்தது. அவள் பாணின் நடுவெள்ளையை மட்டும் தின்பாள். மண்ணிறமான ஓரத்தைச் சுற்றி வர விட்டுவிடுவாள். தட்டில் பார்த்தால் கண்ணாடி கழன்ற படச்சட்டங்கள் போல இருக்கும். மாஜரின் பூசி வாட்டிய அந்த ஓரங்களை எறிய மனம் வராமல் நான்தான் சிங்க்கின் பக்கத்தில் நின்றபடியே தின்று முடிப்பேன். போன மாதம் கிளினிக்கில் மகளின் நிறை பார்த்த தாதி மிஸ் என்னையும் தராசில் ஏறச் சொல்லிவிட்டு, "பிள்ளையின்ட மிச்சத்தைச் சாப்பிடாதீங்க அம்மா, அதுதான் இப்பிடி ஏறுது" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஓரத்தையும் தின்னும்போது ஒரு தரம் யோசிக்கிறேன். யோசித்துவிட்டுத் தின்கிறேன்.

வாட்டிய பாண் ஓரத்துக்கு ஒரு வாசனை உண்டு. அந்த வாசனை என்னைக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன அறைக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கேயும் ஒருவர் நின்றபடிதான் சாப்பிட்டார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் கடையிலிருந்து தொடங்க வேண்டும்.

கலியாணத்துக்கு முன் நான் வெள்ளவத்தையில், காலி வீதியில், ஒரு சாறிக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். ஏ.எல். முடித்து, கணக்கியல் வகுப்புக்கும் போய்க்கொண்டு, பகலில் சும்மா இருக்கக் கூடாது என்று அம்மா பார்த்துச் சேர்த்துவிட்ட வேலை. பெரிய படிப்புக்காரி என்ற நினைப்பில் முதல் வாரம் யாரோடும் கதைக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு பில்லில் ஒரு பிழை, அதைத் திருத்தப் போய் இன்னொரு பிழை என்று ஆனதும் நிமிர்வு தானாகக் குறைந்தது. அப்போது நான் முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். சாறி வாங்க வருகிற அம்மாமார்கூட மீதிக் காசை வாங்கும்போது, "பிள்ளை, ஒழுங்காச் சாப்பிடுறனியோ?" என்று கேட்பார்கள். வீட்டில் மூன்று நேரமும் அம்மா ஊட்டாத குறையாகத் தந்துகொண்டிருந்தார். அதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

அந்தக் கடையின் உண்மையான கெட்டிக்காரி புஷ்பா அக்கா. சாறி விற்பவர்கள் சாறியை விரித்துக் காட்டுவதோடு விடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே. தங்கள் உடம்பிலேயே போட்டுக் காட்ட வேண்டும். இடுப்பில் ஒரு சுற்று, கொசுவத்துக்கு நாலு மடிப்பு, தோளில் தலைப்பு, அவ்வளவுதான், ஒரு நிமிடத்தில் அந்தச் சாறிக்கு உயிர் வந்துவிடும். புஷ்பா அக்கா நல்ல பெருத்த உடம்புக்காரி. அவர் போட்டுக் காட்டினால் கரை முழுதாகத் தெரியும், தலைப்பு முழுதாக விரியும். "எனக்கு வடிவா இருந்தா ஒங்களுக்கு எப்பிடி இருக்கும்னு பாருங்க" என்பார். வாங்க வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரித்தவர்கள் வாங்காமல் போவதில்லை. கீழ்த் தளத்தில் நின்று விற்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் விற்பனையில் ஒரு பங்கும் கிடைக்கும். புஷ்பா அக்காவின் வீடு ஓடியது அந்தப் பங்கில்தான்.

அவர் கொட்டாஞ்சேனையில் இருந்து இரண்டு பஸ் மாறி வருவார். வந்ததும் கைப்பையை வைக்க முன்னரே ஒவ்வொருவராகக் கேட்பார்: "சாப்ட்டாச்சா?" என்னிடம் கேட்பார், வாசலில் நிற்கும் காவல்காரரிடம் கேட்பார், காலையிலேயே வந்துவிட்ட வாடிக்கையாளரிடமும் கேட்பார். பர்ஹானா, அவளும் சாறி விற்கிறவள்தான், தெகிவளையில் இருந்து வருவாள், ஒரு நாள் கேலி செய்தாள்: "அக்கா, கேக்கிறது மட்டுந்தானா, இல்லாட்டி தாறதும் ஈக்கா?" புஷ்பா அக்கா விடவில்லை. "கேக்குறதுக்குக் காசு இல்லைல்ல, அதான் கேக்குறேன்" என்றார்.

மாடிப்படிக்குக் கீழே திரை போட்ட ஓர் இடுக்குதான் எங்கள் சாப்பாட்டறை. பழைய சாறிப் பெட்டிகள்தான் மேசை. எல்லோரும் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்து, ஒருவர் கறியை மற்றவர் எடுத்துச் சாப்பிடுவது வழக்கம். புஷ்பா அக்காவின் கருவாட்டுக் குழம்புக்கு அங்கே சண்டையே நடக்கும். வெள்ளிக்கிழமை மரக்கறி, மற்ற நாளெல்லாம் திருவிழா.

பிறகு அந்தக் காலம் வந்தது. காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் தெருவில் உட்கார்ந்திருந்த காலம். பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. எல்லோருடைய டப்பாவும் சுருங்கியது. என்னுடையதில் மீன் போய் முட்டை வந்தது, முட்டை போய் சோயா வந்தது. அதற்கே என் அம்மா அழாத குறையாகப் புலம்பினார். புஷ்பா அக்காவின் டப்பா சுருங்கவில்லை. வராமலே போனது.

முதலில் வெள்ளிக்கிழமைகளில். "அம்மனுக்கு நேந்திருக்கேன், இனி வெள்ளி முழு விரதம்." நல்ல விஷயம்தானே என்று இருந்தோம். பிறகு செவ்வாய், துர்க்கைக்கு. பிறகு திங்கள், சிவனுக்கு. சனி, சனீஸ்வரனுக்கு, கெட்ட காலம் நடக்கிறதாம். யாருக்குத்தான் நடக்கவில்லை? நாங்கள் சாப்பிடும்போது அவர் வெளியே நின்று சாறி மடித்துக்கொண்டிருப்பார். விரதக்காரர் முன்னால் சாப்பிடுவது சரியில்லை என்று நாங்களும் திரையை இழுத்து மூடிக்கொள்வோம். கூப்பிடுவது அதைவிடப் பிழை. விரதத்தை முறிக்கச் சொல்லி யாராவது கேட்பார்களா? பாவம் அல்லவா அது?

ஒரு வியாழக்கிழமையும் அவர் வெளியே நின்றார். தட்சிணாமூர்த்தி. பர்ஹானா திரையை விலக்கித் தலையை நீட்டினாள். "அக்கா, எங்கட நோம்பு சரி பொழுதுபட்டு மகரிபோட முடியும். ஒங்கட விரதம் முடியிறதே இல்லையே!"

"அதான் எங்க சாமிங்க நெறய பேரு" என்றார் புஷ்பா அக்கா.

ஞாயிறு கடை இல்லை, புதன் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அன்றைக்கு மட்டும் ஏதோ கொண்டு வருவார், சோறும் ஒரு சம்பலும். பிறகு ஒரு புதன்கிழமை அதுவும் வரவில்லை. "புதனுக்கு எந்தச் சாமி?" என்று பர்ஹானா கேட்டாள். புஷ்பா அக்கா சாறியின் மடிப்பை நீவியபடி, "பாத்துத்தான் கண்டுபுடிக்கணும்" என்று சிரித்தார். நான், சைவசமயப் பாடத்தில் எப்போதும் நல்ல புள்ளி வாங்கியவள், பில் மேசையில் இருந்து குரல் கொடுத்தேன்: "புதனுக்குப் பெருமாள் இருக்கிறார் அக்கா!"

"பாத்தியா, படிச்ச புள்ள சொல்லுது" என்றார். நான் சந்தோஷப்பட்டேன்.

முதலாளியின் மனைவியை நாங்கள் மேடம் என்போம். கெட்டவர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதையைச் சொல்வது இலகுவாக இருக்கும். புஷ்பா அக்காவின் பக்தியைக் கேள்விப்பட்டு அவர் உருகிப்போனார். கல்லாவுக்கு மேலே சாமிப் படங்கள் இருந்த தட்டில் காலையில் விளக்கேற்றும் வேலையை அவரிடம் கொடுத்தார். "இனி நீங்கள்தான் ஏத்த வேணும் புஷ்பா. உங்கட கை சுத்தமான கை." அதிலிருந்து புஷ்பா அக்கா நினைத்தாலும் எங்களோடு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது என்று ஆயிற்று.

ஆனால் மேடத்துக்கு ஒரு குழப்பம் இருந்தது. "இவ்வளவு விரதம் இருக்கிறா, ஒரு சொட்டும் மெலியுறா இல்லையே" என்று என்னிடம் கேட்டார். கடையின் முகப்பைக் கண்ணாடியாக மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. இந்தியாவில் இருந்து மெல்லிய பொம்மைகள் வந்து நின்றன. இப்போது வருகிற பெண்பிள்ளைகள் தங்களைப் போல மெலிந்த ஒருத்தி போட்டுக் காட்டினால்தான் வாங்குகிறார்கள் என்பது அவருடைய கணக்கு. தீபாவளி வியாபாரம் தொடங்க முன்னர் புஷ்பா அக்கா கொஞ்சம் இளைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்மாடி ஸ்டோருக்கு அனுப்பிவிடுவேன் என்று தன்மையாகத்தான் சொன்னார். ஸ்டோரில் விற்பனைப் பங்கு கிடையாது, வெறும் சம்பளம்தான். உதவியாக இருக்கட்டும் என்று, தான் குடிக்கிற, உடம்பை மெலிய வைக்கும் தேயிலைப் பெட்டி ஒன்றையும் கொடுத்தார். புஷ்பா அக்கா அதைக் கடையில் போட்டுக் குடித்துப் பார்த்தார். முகம் கோணியது. "சீனி போடாம எப்பிடி மா இத உள்ள எறக்குறது?" என்று மூன்று கரண்டி போட்டுக்கொண்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இதற்கு நடுவில் ஒரு மாதத்தை மட்டும் பிரித்து வைத்துச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு வெகு முன்னால் வந்த நோன்பு மாதம். பின்னேரம் பர்ஹானாவின் தம்பி பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சியை ஒரு தூக்குச் சட்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவான். ரம்பை இலையும் தேங்காய்ப் பாலும் வெந்தயமும் சேர்ந்த அந்த வாசனை படிக்கட்டின் கீழிருந்து கடை முழுக்கப் பரவும். பட்டுச் சாறி எடுக்க வந்தவர்கள்கூட மூக்கை உயர்த்துவார்கள். முதல் நாள் பாங்கு சொன்னதும் பர்ஹானா புஷ்பா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க, நீங்களும் காலையில இருந்து விரதந்தானே. நாங்க ரெண்டு பேரும் சேந்து நோம்பு தொறப்போம்."

"ஐயோ, எனக்கு அப்பிடியெல்லாம்..."

"பகல் முழுக்க இருந்தீங்களா இல்லையா?"

"இருந்தேன்."

"அப்ப முடிஞ்சுது. அல்லா ஒண்ணும் சொல்ல மாட்டான். ஒங்கட பெருமாள் என்ன சொல்லுவாரு?"

அந்த மாதம் முழுக்க இருவரும் திரைக்குப் பின்னால் பெட்டியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார்கள். பிறகு கஞ்சி. மிஞ்சியதைப் பர்ஹானா ஒரு போத்தலில் ஊற்றி, "வீட்டில பிள்ளையளுக்கு" என்று கொடுத்துவிடுவாள். அந்த நாட்களில் புஷ்பா அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. படியேறும்போது மூச்சு வாங்குவதுகூடக் குறைந்தது போல எனக்குப் பட்டது. பர்ஹானாவுக்கு விஷயம் தெரிந்திருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பெருநாள் பிறை தெரிந்த அன்று எல்லோரும் வாழ்த்துச் சொன்னோம். புஷ்பா அக்கா மட்டும் வெறும் தூக்குச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "ஒங்க மாசம் சீக்கிரமா முடிஞ்சிருச்சே பர்ஹானா" என்றார்.

பிறகு மழை வந்து, ஆடிவேல் திருவிழா போய், கௌரி விரதமும் வந்தது. எங்கள் அம்மாவும் ஒவ்வொரு வருடமும் பிடிக்கிற விரதம் அது. பகல் முழுக்க ஒன்றும் சாப்பிட மாட்டார். ஆனால் பின்னேரமானால் வீட்டில் பால், பழம், பலகாரம் என்று அடுக்கி வைத்திருக்கும். பசியை அப்பால் நிறுத்தி, நேரம் வந்ததும் மரியாதையாக உள்ளே கூப்பிடுகிற விரதம். புஷ்பா அக்காவும் அதேபோலத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் வத்தளையில் இருந்து ஒரு கலியாண வீட்டார் கூறைச் சேலை பார்க்க வந்தார்கள். புஷ்பா அக்கா சிவப்புக் கூறையைத் தோளில் போட்டு, தலைப்பை விரித்து, வழக்கமான பகிடியைச் சொல்லத் தொடங்கினார். "எனக்கு வடிவா இருந்தா..." அதோடு நின்றுவிட்டது. அப்படியே கண்ணாடி மேசையில் சாய்ந்து, கூறையோடு தரையில் இருந்துவிட்டார். எல்லோரும் ஓடினோம். மேடம் முதலில் பிடித்தது சாறியையா அக்காவையா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பிடித்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

"விரதம் கூடிப்போச்சு" என்றார் மேடம். ஓர் ஓட்டோ பிடித்து, என்னைக் கூட அனுப்பினார்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் இருந்த தோட்டத்துக்குள் ஓட்டோ போகாது. தோட்டம் என்றால் மரஞ்செடி என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டிய அறைகள், நடுவில் ஒரு குழாய், அவ்வளவுதான். புஷ்பா அக்காவின் அறையைத் திரை ஒன்று இரண்டாகப் பிரித்தது. கணவருக்குப் புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் வேலை. லொறி வராத நாளில் வேலையும் வராது. சுவரில் சாமிப் படம் ஒன்று இருந்தது, முன்னால் விளக்கு இல்லை. எண்ணெய் விலைக்கு ஏற்ற முடியாதுதானே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

அவருடைய இரண்டு மகள்மாரும் பள்ளிக்கூடத்தால் வந்திருந்தார்கள். மெலிந்த பிள்ளைகள். புஷ்பா அக்கா படுக்கவில்லை. வந்ததும் வராததுமாக ஒரு பாணை எடுத்து, நடுவைப் பிய்த்துப் பிள்ளைகளின் தட்டில் போட்டு, தண்ணீராக இருந்த பருப்பை ஊற்றினார். ஓரத்தை, அந்த முழுப் பாணின் ஓரத்தையும், தான் எடுத்துக்கொண்டார். முதல் நாள் பாணின் காய்ந்த அடிக்கட்டையும் இருந்தது. அதை அடுப்பில் காட்டி வாட்டினார். ஒரு பெரிய கோப்பையில் வெறுந்தேத்தண்ணீர், அதில் சீனி, கரண்டியால் அல்ல, டப்பாவைச் சரித்து. நின்றபடியே தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டார். நான் பார்க்காமல் இருக்க முயன்றேன். அந்த அறையில் வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"என்னம்மா பாக்குறீங்க? விரதக்காரி இந்தத் தின்னு தின்னுறாளேன்னா?"

"இல்லை அக்கா..."

"சோறு ஆக்கினா கறி வேணும், காஸ் வேணும். பாணுக்கு ஒண்ணும் வேணாம், சீனித் தண்ணி போதும். பகல் பூரா வயிறு காயுது. அந்திக்கு இத உள்ள தள்ளுறேன். தள்ளுறது எல்லாம் இப்பிடி ஒடம்பாவே நிக்குது." தன் கைச் சதையைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "மெலியிறது எங்க வீட்டு அரிசி வாளி மட்டுந்தான்."

"எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னா என்ன செய்வீங்க? ஆளுக்கு ஒரு வாய் குடுப்பீங்க. ஒரு நாளைக்கு வாங்கலாம். தெனமும் வாங்கினா அதுக்குப் பேரு வேற. விரதம்னு சொன்னா யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க, கும்புடத்தான் செய்வாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேடத்துக்கு மட்டும் தெரிய வேணாம்மா. பொய் விரதம் இருந்த கையால வெளக்கேத்திட்டாளேன்னு நெனைப்பாங்க. எனக்கே அது பயமாத்தான் இருக்கு."

பஸ்ஸில் திரும்பும்போது வழி முழுக்கத் திட்டம் போட்டேன். நான் திட்டம் போடுவதில் கெட்டிக்காரி. மறுநாள் அம்மாவிடம் பொய் சொல்லி இரண்டு டப்பா கட்டிக்கொண்டு போனேன். திரைக்குள் மெதுவாக ஒன்றை அவர் பக்கம் தள்ளினேன். புஷ்பா அக்கா டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடை முழுக்கக் கேட்கும்படி, "யாத்தே, இந்தப் புள்ளைக்கு ரெண்டு டப்பா! கலியாணத்துக்கு முன்னாடியே வயித்துல ஆளு இருக்கா என்ன?" என்றார். பர்ஹானா சிரித்துச் சிரித்து இருமினாள். என் முகம் எரிந்தது. இரண்டாவது டப்பா திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. அதற்குப் பிறகு அப்படி ஒன்றைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை.

மேடம் முடிவு எடுத்துவிட்டிருந்தார். "பாவம், நிக்க ஏலாமல் விழுந்திட்டா. மேலே இருந்துகொண்டு வேலை செய்யட்டும். கீழே ஒரு சின்னப் பிள்ளையைப் போடுவம்." அக்கறையோடுதான் சொன்னார். புஷ்பா அக்கா சொல்ல வேண்டாம் என்றதை நினைத்தேன். சொல்லாமல் விட்டால் பங்கு போய்விடும் என்பதையும் நினைத்தேன். விளக்கு, பங்கு, விளக்கு, பங்கு என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் வாய் திறந்தேன்.

"மேடம், அவவுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை. வீட்டில சாப்பாடு காணாது. அதுதான்."

மேடம் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. சிரித்தார், குழந்தை ஏதோ சொன்னதைக் கேட்டதுபோல.

"சாப்பாடு காணாதோ? ஆளைப் பார்த்தனீரோ நீர்?" என் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்தார். "உமக்குச் சாப்பாடு காணாது எண்டு சொல்லும், நான் நம்புறன்."

ஒருவருடைய பசிக்கு அவருடைய உடம்பே எதிர்ச் சாட்சி சொன்னால் என்னைப் போன்ற ஒருத்தியின் பேச்சு எங்கே எடுபடும்? வேறு விதமாகச் சொல்லியிருக்கலாமோ, மேடத்தைக் கொட்டாஞ்சேனைக்கே கூட்டிப் போயிருக்கலாமோ என்று பல விதமாக யோசித்திருக்கிறேன். போயிருந்தாலும் அவர் கண்ணில் பட்டிருப்பது சீனி டப்பாவைச் சரிக்கிற ஒரு பருத்த பெண்தான் என்று ஒரு பக்கம் தோன்றும். மற்றப் பக்கம் ஒன்றும் தோன்றாது.

தீபாவளி வியாபாரம் சரியாக நடந்தது. புதிதாக வந்த பிள்ளை மெலிந்து, அழகாக, சாறியைப் போட்டுக்கொண்டு பொம்மைகளுக்கு நடுவில் நின்றாள். பகிடி விடத் தெரியாது. புஷ்பா அக்கா மேல்மாடியில் தகரக் கூரையின் கீழ், பெட்டிகளுக்கு நடுவில் வேர்த்துக்கொண்டு விலைச்சீட்டு ஒட்டினார். காலையில் ஒரு தரம் மட்டும் இறங்கி வந்து விளக்கேற்றிவிட்டு, கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏறிப் போவார். "சாப்ட்டாச்சா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார். விசித்திரம் என்னவென்றால் நாங்களும் நிறுத்திவிட்டோம். என்னால் கேட்க முடியவில்லை, பதில் எனக்குத் தெரியும். பர்ஹானா ஏன் நிறுத்தினாள் என்று தெரியவில்லை. படிக்கட்டின் கீழே ஒவ்வொருவரும் தங்கள் டப்பாவை மடியில் வைத்து, மூடியைப் பாதி திறந்தபடி சாப்பிடப் பழகிக்கொண்டோம்.

தை பிறந்த பிறகு ஒரு காலை விளக்கு ஏற்றப்படவில்லை. புஷ்பா அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. போன் எடுத்தால் அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று சிங்களத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. பர்ஹானா ஒரு ஞாயிறு தேடிப் போனாள். அறையில் வேறு ஆட்கள் இருந்தார்களாம். "களனி ஆத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ போயிட்டாங்களாம், ஒரு பெக்டரியில சமைக்கிற வேலையாம்" என்று வந்து சொன்னாள். சமைக்கிற இடமென்றால் சாப்பாடு இருக்கும்தானே என்று நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். அது நிஜமா, தோட்டத்தில் யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னார்களா, தெரியாது. மேடம் சில நாள் வருத்தப்பட்டார். "அவ்வளவு பக்தியான மனுசி" என்றார். விளக்கை என்னை ஏற்றச் சொன்னார். கலியாணம் ஆகும்வரை நான்தான் ஏற்றினேன், ஒவ்வொரு நாளும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து.

இப்போது அந்தக் கடை இல்லை. முதலாளி குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் கைத்தொலைபேசி உறை விற்கிறார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போகும்போது எட்டிப் பார்ப்பேன். படிக்கட்டை இடித்துவிட்டார்கள், அதன் கீழிருந்த இடுக்கும் இல்லை. பர்ஹானா கட்டாரில் இருக்கிறாள், பெருநாளுக்குச் செய்தி அனுப்புவாள். வரிசைகளும் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். எங்கள் லிஃப்டில் ஏறுகிறவர்கள் "சுகமா?" என்கிறார்கள், "கொஞ்சம் உடம்பு வைச்சிட்டீங்கபோல" என்று என் இடுப்பைப் பார்க்கிறார்கள். சாப்பிட்டாச்சா என்று யாரும் யாரிடமும் கேட்பதை நான் கேட்டு வெகுகாலமாகிறது. ஒருகாலத்தில் காசு செலவில்லாமல் கேட்ட கேள்வி. இப்போது கேட்டால் பதிலுக்கு ஏதாவது செய்ய வேண்டி வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது.

வெளியே வாளி ஒரு படி இறங்கி வைக்கப்படும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொரு படி. கதவுப் பூட்டில் கை வைத்தேன். திறந்து என்ன கேட்பது? புதனுக்கு எந்தச் சாமி என்றா? அவருக்கு உண்மையாகவே விரதமாக இருந்தால்? அப்படி நினைத்ததே அவமானம் என்று அவர் நாளையிலிருந்து வராமல் விட்டால்? திறந்தேன். அவர் கீழ்த்தளத்துக்குப் பக்கத்தில் போயிருந்தார், தலை மட்டும் தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மிஸ்?"

"ஒண்டுமில்லை" என்றேன். "படி நல்லாத் துப்பரவா இருக்கு."

"சரி மிஸ்" என்று சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார். உள்ளே வந்து, ஆறிப்போன தேத்தண்ணீரைச் சிங்க்கில் ஊற்றினேன். அவருக்கு வைத்த இரண்டு துண்டும், மகள் விட்ட ஓரங்களும், எல்லாவற்றையும் நின்றபடியே நான்தான் சாப்பிட்டேன்.